பெயர் தெரியாத வாலிபன்

"எங்கண்ணா போற?"

"லாரி பாக்க."

"நானும் வரேன்."

"நீ வந்தா லாரி பயந்துக்கும். வீட்லயே இரு."

"அப்ப எனக்கு இன்னா வாங்கினு வருவ?"

"லாரியையே ஓட்டினு வரேன் போ. எங்க நிறுத்தறதுன்னு எடம் பாத்து வை."

சாராளுக்கும் அவள் அண்ணன் தனசிங்குக்கும் நடந்த கடைசிப் பேச்சு இவ்வளவுதான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்குப் பதினேழு முடிந்து மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது. தலையை நனைத்து வாரிக்கொண்டு, ஈரம் கழுத்தில் வடிய வடிய, திரும்பிப் பார்க்காமல் போனான்.

அவன் சொன்னதை அவள் நம்பினாள். மிஷன் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் கிடந்த முள்ளையெல்லாம் பெருக்கித் தள்ளினாள். அப்பாவின் சாக்பீஸை எடுத்துவந்து, ஒரு லாரி நிற்கும் அளவுக்குத் தரையில் கோடு இழுத்து வைத்தாள். மறுநாள் சாயங்காலம் நிஜமாகவே ஒரு லாரி வந்தது. அந்தக் கோட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அதிலிருந்துதான் அவனை இறக்கினார்கள்.

புதுக்கரணை என்ற அந்த ஊர், ஊரப்பாக்கத்திலிருந்து கிழக்கே வண்டிப்பாதையில் போனால் வரும். அரிசிப் பஞ்ச காலம் அது. சர்க்கார் கொள்முதல் என்று வந்தவர்கள் விதைநெல்லையும் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். ஊர் ஜனங்கள் லாரிக்கு முன்னால் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள்.

அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். சர்க்காருக்கு எதிராகப் போய் உட்கார்ந்த பிள்ளையைப் பெற்றவர் என்று தெரிந்தால் வேலை நிலைக்காது என்று பயந்து, போலீஸ் எழுத வந்தபோதும் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். புது ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "பையன் ஏரியில மூழ்கிட்டான்" என்று சொன்னார். சொல்லிச் சொல்லி அதுவே நடந்தது போல ஆயிற்று. வீட்டுக்குள் தனசிங் என்ற பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்றார். அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

கதை நடக்கிற அறுபத்தெட்டாம் வருஷத்தில் சாராளுக்கு வயது இருபத்தொன்பது. மேற்குத் தாம்பரத்தில் புருஷன் எலியேசரின் வீடு. பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை. டாக்டரம்மாள் கையை அலம்பிக்கொண்டே "ஆமாம்மா, நிச்சயம்தான்" என்று சொன்ன அந்த நிமிஷமே அவள் மனதில் ஒரு வேண்டுதல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆண் பிள்ளையானால் தனசிங் என்று பெயர் வைக்க வேண்டும்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அந்த வீட்டில் வேறொரு பெயர் அவளுக்கு முன்பே காத்திருந்தது.

மாமியார் ரத்தினபாய், ஓய்வு பெற்ற நர்ஸ். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்துக் கலங்கிப்போனவள். அவளுடைய காலஞ்சென்ற கணவர் பெயர் வேதசிரோமணி. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அதே பெயரில் ஒரு பெரிய தலைவரும் இருந்தார். சுதந்திரத்துக்கு முன்னால் ஜெயிலுக்குப் போனவர், பின்னால் மந்திரியானவர், இப்போது அவரும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தது தற்செயல்தான். ஆனால் கம்பவுண்டர் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுத் தலைவர் போகிற கூட்டத்துக்கெல்லாம் கூடவே போனார். தலைவரும் மேடையிலிருந்தபடியே, "என் பேர்க்காரர் வந்தாச்சா?" என்று கேட்பாராம். கம்பவுண்டர் காசநோயில் இறந்தபோது, ஆறு வயசு எலியேசரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ரத்தினபாயை நர்ஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டவரும் அந்தத் தலைவர்தான்.

"நான் சாப்பிட்ட ஒவ்வொரு பருக்கையிலயும் அவர் பேர் எழுதியிருக்கு" என்பாள் ரத்தினபாய். ஆனால் அந்தப் பேரை மட்டும் சொல்ல மாட்டாள். புருஷன் பேராயிற்றே. தலைவரை "ஐயா" என்பாள். மருமகளுக்கும் மாமனார் பேரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆக, பெண்கள் இருவரும் நாக்கில் எடுக்காத ஒரு பெயர் அந்த வீட்டில் உத்திரத்தைப் போல எல்லோர் தலைக்கு மேலும் இருந்தது. பேரன் பிறந்தால் அந்தப் பெயர்தான். தாத்தாவுக்கும் ஆயிற்று, தலைவருக்கும் ஆயிற்று.

"பேர வச்சிட்டு அப்புறம் நாம ரெண்டு பேரும் எப்படித்தை கூப்பிடறது?" என்று ஒரு நாள் சாராள் கேட்டாள். "நீங்களும் சொல்ல மாட்டீங்க, நானும் சொல்லக்கூடாது."

"கூப்பிட எதுக்குடி பேரு? ராசான்னு கூப்பிடு, கண்ணுன்னு கூப்பிடு. பேரு ஸ்கூல் ரிஜிஸ்டருக்கு."

"அப்ப நான் ஒருத்தன்தான் என் புள்ளைய பேர் சொல்லிக் கூப்பிடணுமா?" என்றான் எலியேசர். கல்லூரி அலுவலகத்தில் ஹெட் கிளார்க். பிசகாமல் சவரம் செய்த முகமும் எதற்கும் ஒரு சிரிப்பும். "எங்கப்பாவையே நான் அதட்டுற மாதிரி இருக்குமே."

மூன்று பேரும் சிரித்தார்கள். சாராளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள், தொண்டையில் இருந்த அந்த வேண்டுதல் ஒரு புரளு புரண்டு மறுபடி படுத்துக்கொண்டது.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டில் இரண்டு வாசிப்பு உண்டு. முதலில் வேதாகமத்தில் ஒரு அதிகாரம். பிறகு ஐயா தானே எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சில பக்கம். மாமியாருக்குக் கண் கலங்கியதிலிருந்து சாராள்தான் வாசிப்பாள். ஐயாவின் எழுத்து நல்ல எழுத்து. பெரிய மனிதர் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஜெயிலில் கூட இருந்த கிழவனுக்குப் பல்வலி வந்ததை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் நமக்குக் கன்னம் வலிக்கும். சாராளுக்கு அந்த எழுத்தின் மேல் ஆசை இருந்தது. அதை மறைப்பானேன். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டோடு அவளை ஒட்டவைத்தது, எலியேசரின் சிரிப்புக்கு அடுத்தபடி, அந்தப் புத்தகம்தான்.

பெயர் வருகிற இடத்தில் மட்டும் அவள் "ஐயா" என்று மாற்றிக்கொள்வாள். முதலில் தடுக்கிற்று. பிறகு பழகிவிட்டது. வாய் மாற்றுவதற்கு முன்பே கண் அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருக்கும், நடைபாதையில் கிடக்கும் சாணியைக் கால் தானாகத் தாண்டுவது போல. இந்தச் சாணி உவமை மாமியார் காதில் விழுந்தால் அடிப்பாள். ஆனாலும் அப்படித்தான்.

புத்தகத்தில் ஒரு இடம் அவளுக்குச் சரியாக இல்லை. ஐயா உணவு மந்திரியாகப் பதவி ஏற்கிறார். அந்த அத்தியாயம் ஒரு கிறிஸ்துமஸோடு முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவர் வளர்த்த நாய்க்குச் சீக்கு. அது பொங்கலுக்கு முந்தின வாரம் என்று எழுதியிருக்கிறார். நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆகாரம் இறங்காமல் இருந்ததை எழுதியிருக்கிறார். அந்த இடம் வரும்போதெல்லாம் ரத்தினபாய் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். சாராளும் ஒரு காலத்தில் அழுதிருக்கிறாள். அதற்கடுத்த அத்தியாயம் ஆடி மாதத்தில், டில்லியில் தொடங்குகிறது.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம்தான் புதுக்கரணை.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகு, அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவில் யாரோ நிற்பது போல அவளுக்கு இருந்தது. முகம் தெரியாது. முதுகு மட்டும். நனைத்து வாரிய தலை, கழுத்தில் ஈரம். அவள் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது லாரி கியர் மாற்றினால் குரல் ஒரு கணம் நின்றுவிடும்.

"என்ன, மூச்சு வாங்குதா?" என்பாள் மாமியார்.

"ஆமாத்தை."

'ஐயாவுக்குத் தெரிந்திருந்தால் நடந்திருக்காது.' அவளுடைய அப்பாவே கூட அப்படித்தான் ஒரு முறை முணுமுணுத்தார். சாராளும் அதையே பிடித்துக்கொண்டாள். கிழவனின் பல்வலியை எழுதியவர், நாய்க்காகப் பட்டினி கிடந்தவர், விதைநெல்லுக்காகக் கெஞ்சினவர்களைச் சுட விட்டிருக்க மாட்டார். கீழே யாரோ அதிகாரி செய்த காரியம். இது மட்டும் உறுதியாகிவிட்டால் போதும். தன் ஆசையை விழுங்கிவிட்டு, மாமியார் விரும்பிய பெயரையே மனமாரப் பிள்ளைக்கு வைத்துவிடலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிராது.

அதை உறுதி செய்துகொள்ளத்தான் அவள் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். ஹெட் கிளார்க் மனைவி என்பதால் உள்ளே விட்டார்கள். நூலகர் ராஜகோபாலன் பழைய செய்தித்தாள்களை வருஷம் வருஷமாகக் கட்டிப் பைண்டு செய்து வைத்திருந்தார். அவள் கேட்ட கட்டைத் தானே தூக்கிவந்து மேஜையில் போட்டார். தூசி எழும்பியது.

"என்ன மிஸஸ் எலியேசர், பி.எச்.டி. பண்றேளா?"

"இல்ல சார். ஐயாவப் பத்தி ஒரு சந்தேகம்."

"அவரப் பத்தி சந்தேகமே படாத ஊர்ல வந்து சந்தேகம்கறேள். நன்னாப் படிங்கோ. பக்கத்த மெதுவாத் திருப்புங்கோ, பொடியாப் போயிடும்."

செய்தி இருந்தது. 'புதுக்கரணையில் துப்பாக்கிப் பிரயோகம். நால்வர் பலி.' மூன்று பெயர்கள் போட்டு, நான்காவதாக, 'பெயர் தெரியாத வாலிபன் ஒருவன்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அந்த வரியின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து மூடினாள். மூடியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது.

அடுத்த வாரத்துத் தாளில் சட்டசபை விவாதம் நுணுக்கி நுணுக்கி அச்சாகியிருந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் வரி பிரிக்காமல், பேசியவர் பெயரையும் பேச்சையும் ஒரே பத்தியாக ஓட்டியிருந்தார்கள். சுடச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்கிறார். அந்த இடத்திலிருந்த அதிகாரி என்று போலீஸ் இலாகா மந்திரி பதில் சொல்கிறார். விதைநெல்லை விட்டுவிடும்படி ஜனங்கள் கெஞ்சியது தெரியுமா என்று கேள்வி. தெரியும் என்று பதில். அவள் மளமளவென்று படித்து முடித்தாள். போலீஸ் மந்திரி. அதிகாரி. ஐயா இல்லை.

நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அசைந்தது போலிருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மார்க்கெட்டில் மாமியாருக்குப் பிடித்த நெத்திலி வாங்கிக்கொண்டு போனாள்.

"என்னடி விசேஷம்?"

"பேரன் கேட்டான்."

"தாத்தா பேரு வைக்கப்போற பேரன், கேக்க மாட்டானா" என்று ரத்தினபாய் பூரித்துப்போனாள்.

நிம்மதி மார்கழி வரைக்கும் நின்றது.

கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் பழக்கும் பொறுப்பு சாராளுடையது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்வதற்குள், ஞானஜோதி என்ற பத்து வயசுப் பெண் கையெழுத்துப் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு முழு நாடகத்தையும் தான் ஒருத்தியே உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். யார் பேசுகிறார்கள் என்று ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. பேச்சை மட்டும் ஒரே ஓட்டமாக ஓட்டினாள்.

"பாலகனைக் கண்டோம், பணிந்து வணங்கினோம், எங்கள் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாக வைத்தோம். பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையும் மிஞ்சக் கூடாது, போங்கள்."

பின் வரிசையில் ஒரே சிரிப்பு.

"டீச்சர், ஆட்டுக்காரன் எதுக்கு டீச்சர் கொழந்தைங்கள வெட்டச் சொல்றான்?"

"அய்ய, அது ஏரோது ராஜாடி. பேர வுட்டுட்டு படிச்சா அப்டித்தான்."

சாராள் சிரிக்கவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தாள். பேரை விட்டுவிட்டுப் படித்தால் அப்படித்தான்.

மறுநாள் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனாள். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. ரயில்வே கேட்டில் மின்சார ரயில் கடந்து போகக் காத்திருந்தபோது, அந்தப் பக்கத்தில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். நனைத்து வாரிய தலை. ரயில் போய் முடிந்ததும் அங்கே யாரும் இல்லை. காலேஜ் பையனாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினாள்.

இந்த முறை அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துப் படித்தாள். போலீஸ் மந்திரியின் பதில் முடிந்தது. விதைநெல் பற்றிய கேள்வி வந்தது. அதை அடுத்து, அவள் கண் ஒரு மாதத்துக்கு முன் தாண்டிப் போயிருந்த பெயர் அச்செழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

'திரு. வேதசிரோமணி: தெரியும். முதல் நாளே அதிகாரி என்னிடம் தொலைபேசியில் கேட்டார். லாரிகள் வெறுமனே திரும்பக்கூடாது, என்ன செய்தாவது கொண்டுவர வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஒரு ஊருக்கு விட்டுக்கொடுத்தால் நூறு ஊர் கேட்கும்.'

விசாரணை உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

'திரு. வேதசிரோமணி: அவசியமில்லை.'

அதற்கடுத்த நாள் தாளையும் திருப்பினாள். அதற்கடுத்ததையும். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. ஒரு மூலையில், மந்திரி வீட்டு நாய் இறந்துபோனது பற்றி இரண்டு வரி இருந்தது.

ராஜகோபாலன் எட்டிப் பார்த்தார். "சந்தேகம் தீர்ந்துதா?"

"தீந்துடுச்சு சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போனார். அவள் அந்தப் பத்தியை ஒரு வெள்ளைத்தாளில் பார்த்து எழுதிக்கொண்டாள்.

அன்று முதல் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. புத்தகத்தை வாசித்தால், அதுவரைக்கும் தன் குரலிலேயே கேட்ட எழுத்து இப்போது வேறொரு ஆளின் குரலில் கேட்டது. மெதுவான, இதமான, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். 'நான்தான் சொன்னேன்' என்பதையும் அதே இதத்தோடு சொல்லும் குரல். அவள் வாசிப்பாள். அது கூடவே வாசிக்கும்.

அவர் கொடியவர் என்று முடிவு கட்டிவிட்டால் சுலபமாக இருக்கும். அதுதான் முடியவில்லை. ரத்தினபாயின் கையில் நர்ஸ் உத்தியோகத்தை வைத்தவர் அவர்தான். கிழவனின் பல்வலியும் பொய்யில்லை. பட்டணத்தில் அரிசி இல்லாமல் ஜனம் தவித்ததும் பொய்யில்லை. லாரிகள் வந்துதான் ஆக வேண்டும் என்று அவர் நினைத்ததில் ஒரு நியாயமாவது இருந்திருக்கலாம். சபையில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாரே, அதற்குக் கூட ஒரு மரியாதை கொடுக்கலாம். இத்தனையும் அவள் தராசின் அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு, பத்து வருஷம் கழித்து நிதானமாக உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதியபோது, அந்த வாரத்துக்கு வந்து, பேனாவை எடுத்து, நாயை எழுதினாரே, அதை இந்தத் தட்டில் வைத்தாள். அது எழவே இல்லை.

மறந்திருந்தால் நாயையும் மறந்திருப்பார். ஆகவே மறக்கவில்லை. நாலு பேரை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டிருக்கிறார். இதற்கு மேல் அவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவரை நேசித்ததை மறக்கவும் முடியவில்லை. செத்துப்போன அண்ணனும் ஐயாவும் இப்படி ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

"ராத்திரி தூக்கத்துல என்னவோ சொல்ற சாரா" என்றான் எலியேசர், காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே.

"என்ன சொன்னேன்?"

"புரியல. ஆனா யாரையோ போகாதன்ற. என்னையா? நான் ஆபீசுக்குத்தான் போறேன், அஞ்சரைக்கு வந்துடுவேன்."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல அவன் மார்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் பாலிஷ் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. புது வருஷ ஆராதனையும் ஆயிற்று. பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், ஜெபம் முடிந்து அதிகாரமும் வாசித்தாயிற்று. ரத்தினபாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எலியேசர் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"எந்த எடம்டி வருது? நாய்க்குச் சீக்கு வர்ற எடம்தானே?" என்றாள் ரத்தினபாய். பேரக்குழந்தைக்கென்று பின்னும் வெள்ளைக் கம்பளிச் சட்டையைக் கண் தெரியாமல் விரலாலேயே தடவித் தடவிப் பின்னிக்கொண்டிருந்தாள். "படி. இன்னிக்கு அழுதே தீரணும்னு இருக்கு."

"அந்த வாரம்தான் அத்தை. ஆனா புத்தகத்துல இல்லாதது. பேப்பர்ல வந்தது. படிக்கட்டுமா?"

"ஐயாவப் பத்தியா?"

"ஆமா."

"படியேன். அதுக்கு என்ன அனுமதி?"

சாராள் தாளைப் பிரித்தாள். முதல் கேள்வியையும் போலீஸ் மந்திரியின் பதிலையும் படித்தாள். இரண்டாவது கேள்வியைப் படித்தாள். பெயர் வந்தது. கண் பழக்கமாகத் தாண்டப் பார்த்தது. அவள் விரலை வைத்து அதை நிறுத்தினாள்.

"திரு. வேதசிரோமணி."

ஊசிகள் நின்றன. எலியேசர் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு பெண் குரல் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சாரா" என்றான் எலியேசர் தாழ்ந்த குரலில். "என்ன இது, அம்மா முன்னாடி."

"அவ படிக்கட்டும்" என்றாள் ரத்தினபாய்.

சாராள் படித்தாள். 'நான்தான் சொன்னேன்' வரைக்கும் படித்தாள். 'அவசியமில்லை' வரைக்கும் படித்தாள். அந்தப் பெயர் வந்த ஒவ்வொரு இடத்திலும் அதைச் சொல்லிப் படித்தாள். செத்தவர்களின் மூன்று பெயரையும், நாலாவது வரியையும் படித்தாள். பிறகு தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரத்தினபாய் ஊசிகளை மடியில் வைத்தாள். பேசியபோது கோபமாகத்தான் பேசினாள்.

"என்னை நர்ஸ் வேலையில சேத்துவிட்டது யாரு?"

"அவர்தான் அத்தை."

"இதோ உக்காந்து கடலை உரிக்கிறானே, இவன் படிச்சது யாரால?"

"அவராலதான். அதை நான் இல்லைங்கல."

"அதிகாரிங்க ஆயிரம் கேப்பாங்க. மந்திரி ஒன்னு சொல்லித்தான் ஆகணும். பட்டணத்துக்கு அரிசி வேணாமா? நான் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்டி, கஞ்சிக்கு இல்லாம வந்து வந்து சாவானுங்க."

"அதுவும் நெஜம்தான் அத்தை."

"எல்லாத்துக்கும் ஆமா ஆமாங்கற. அப்ப எதுக்கு இதைத் தோண்டி எடுத்துக்கினு வந்து வாசிக்கிற? வயித்துப் புள்ளக்காரி, உனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?"

"புத்தகத்துல அந்த வாரத்துல நாய்தான் இருக்கு. இவங்க இல்ல. அதுதான் அத்தை."

ரத்தினபாய் கலங்கிய கண்ணை அவள் இருந்த திசைக்குத் திருப்பினாள். வருஷக்கணக்காக நோயாளிகளின் குரலைக் கேட்டே வலி எங்கே என்று சொன்னவள் அவள்.

"யாருடி அது?" என்றாள், கோபம் போன குரலில். "நாலு பேர்ல உனக்கு யாரு?"

எலியேசர் எழுந்து நின்றான்.

"நாலாவது ஆளு அத்தை. பேர் தெரியாதவன்னு போட்டிருக்காங்களே, அவன். எங்கண்ணன்."

"உங்கண்ணன் ஏரியில..." என்று தொடங்கினான் எலியேசர்.

"ஏரியில இல்லைங்க. ரோட்ல. எங்கப்பா பயந்து அப்படிச் சொன்னாரு. நானும் உங்ககிட்ட அதையேதான் சொன்னேன்."

வெளியே பால்காரனின் சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது. எலியேசர் வந்து அவள் பக்கத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். கடலைத் தோல் ஒட்டியிருந்த கையை அவள் முதுகில் வைத்தான். ரத்தினபாயின் மடியில் பாதி பின்னிய சட்டை கிடந்தது. அவள் கையை நீட்டித் துழாவினாள். சாராளின் முழங்கையைப் பிடித்து, அங்கிருந்து மணிக்கட்டுக்கு வந்து, நாடி பார்ப்பது போல அங்கேயே விரலை வைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் எப்படிடி வாயை மூடிக்கினு இருந்த?" என்றாள். "சொல்லு. வேற என்ன மூடி வச்சிருக்க?"

சாராள் மாமியாரின் விரல்மேல் தன் கையை வைத்தாள்.

"ஞானஸ்நானத்துல குருவானவர் புள்ளைக்கு என்ன பேருன்னு கேப்பாரு. பையனா இருந்தா தனசிங்னு சொல்லணும் அத்தை. கோயில்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி, நீங்கதான் சொல்லணும்."